தோர்பெல் மலையூரும் நம் தோட்டத்து ஏடுகளும்

சுவிட்சர்லாந்தின் தெற்கே, வாலே மாநிலத்தில், விஸ்ப் நகருக்குத் தெற்கே நீளும் பள்ளத்தாக்கின் மேலே சுமார் 1500 மீட்டர் உயரத்தில் தோர்பெல் என்றொரு சிற்றூர் இருக்கிறது. சுற்றியுள்ள மலைகள் மழையை மறித்துவிடுவதால், ஆல்ப்ஸ் மலைத்தொடரிலேயே அது மிக வறண்ட பகுதிகளுள் ஒன்று. ஆகவே அவ்வூர் மக்கள் உருகும் பனியின் நீரை வாய்க்கால் வெட்டிச் சரிவு நெடுகக் கொண்டுவந்து, முறைவைத்துப் பாய்ச்சிப் புல் வளர்த்தார்கள். மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் வட்டார ரப்பர் தோட்டமொன்றில் பிறந்த எனக்கு அவ்வூரோடு எந்த உறவும் இல்லை. ஆனாலும் எங்கள் பகுதியின் வரலாற்றை எழுத வேண்டும் என்று எண்ணும்போதெல்லாம் அதையே நினைத்துக்கொள்கிறேன்.

தோர்பெலில் பெரிய போர் எதுவும் நடந்ததாக நான் படித்ததில்லை. அங்கே இருப்பவை ஏடுகள். நிலங்களின் வகைகளையும் உரிமை மாற்றங்களையும் குறிக்கும் ஆவணங்கள் 1224ஆம் ஆண்டு முதலே கிடைக்கின்றன. 1483இல் ஊரார் கூடி, உயரத்திலுள்ள கோடைக்கால மேய்ச்சல் வெளியையும் காட்டையும் தரிசையும் பொதுவில் ஆள ஒரு சங்கம் அமைத்துக் கையெழுத்திட்டார்கள். குளிர்காலத்தில் தன் சொந்தத் தீவனத்தைக் கொண்டு எத்தனை பசுக்களைக் காப்பாற்ற ஒருவரால் முடியுமோ, அதற்கு மேல் ஒரு பசுவைக்கூடக் கோடையில் பொது மேய்ச்சலுக்கு ஏற்றக் கூடாது என்பது 1517இலேயே எழுதப்பட்ட விதி. மீறியவருக்குத் தண்டம் உண்டு. அதை வசூலிக்கும் ஊர் அதிகாரி பாதியைத் தாமே வைத்துக்கொள்ளலாம் என்பதால் கண்காணிப்பும் தளரவில்லை. மேலும், மாடுகள் மலையேறும்போதே எண்ணப்பட்டுவிடும். பருவ முடிவில் பாலாடைக்கட்டியைப் பங்கிடுவதும் பொதுப் பாதைகளைச் செப்பனிட ஆள் கொடுப்பதும் அந்த எண்ணிக்கைப்படிதான். விறகு மரங்களையும் முதலில் குறியிட்டு, பங்கு பிரித்து, பின்னரே சீட்டுப் போட்டுக் கொடுத்தார்கள். யாருக்கு எந்தப் பங்கு விழும் என்று முன்கூட்டித் தெரியாதபோது, பிரிப்பவர் நேர்மையாகத்தான் பிரிப்பார்.

பொதுப் புல்வெளியில் ஆளுக்கொரு மாடு கூட்டிக்கொண்டே போனால் வெளி அழிந்துபோகும், மக்களால் அதைத் தாமாகத் தடுத்துக்கொள்ள முடியாது என்னும் கருத்தை 1968இல் காரெட் ஹார்டின் பரப்பினார். தோர்பெலில் தங்கி அதன் ஏடுகளை ஆராய்ந்த மானுடவியலாளர் ராபர்ட் நெட்டிங்கின் பணி அதற்கு வலுவான மறுமொழியாக அமைந்தது. எலினோர் ஆஸ்ட்ரம் தம் ஆய்வில் அந்தச் சிற்றூரைச் சான்றாகக் கொண்டார். 2009இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற முதல் பெண்மணி அவரே. ஊராரே எழுதிப் பாதுகாத்து வைத்த தாள்கள் இல்லாவிட்டால் இந்த ஆய்வு இத்தனை ஆழத்துக்குப் போயிருக்காது.

எங்கள் தோட்டத்திலும் மாடுகள் இருந்தன. பால்மரங்களுக்கிடையே, அதாவது ரப்பர் மரங்களுக்கிடையே, புல் மேய்ந்து, மாலையில் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தின் பின்புறக் கொட்டகைக்குத் திரும்பும். காலையில் மரம் சீவிப் பால் எடுக்கும் வெட்டு வேலை முடிந்த பிறகு மாட்டுப் பால் விற்ற காசில்தான் பல வீடுகளில் பிள்ளைகளுக்குப் பள்ளிப் புத்தகம் வாங்கினார்கள். ஆனால் எத்தனை மாடு வளர்க்கலாம், எங்கே மேய்க்கலாம் என்பதை முடிவுசெய்தவர் தோட்ட நிர்வாகியான துரை. பால்மரம் போய்ச் செம்பனை (எண்ணெய்ப்பனை) வந்தபோது, இளங்கன்றுகளை மாடுகள் கடித்துவிடும் என்று மேய்ச்சலுக்குத் தடை வந்தது. மாடு வைத்திருந்தவர்களைக் கூப்பிட்டு யாரும் கலந்து பேசவில்லை. எழுத்து என்பதும் அப்படித்தான் இருந்தது. விடியற்காலையில் ஆட்களைக் கூட்டி வரிசையில் நிறுத்தும் பெரட்டில் பெயர் கூப்பிட, தோட்டத்து எழுத்தரான கிராணி கையில் வைத்திருந்த செக்ரோல் என்னும் வருகைப் பதிவேட்டில் எங்கள் பாட்டனாரின் பெயர் இருந்தது; அந்த ஏடு நிர்வாகத்துக்குச் சொந்தம்.

1483இன் விதிகளில் என் நெஞ்சை உறுத்தும் ஒன்றும் உண்டு. அயலார் தோர்பெலில் நிலம் வாங்கினாலும் மேய்ச்சலிலோ காட்டிலோ அவருக்குப் பங்கு கிடையாது. பொதுச் சொத்தைக் காக்க அது உதவியது என்பதை ஏற்கிறேன். என்றாலும், கப்பலேறி வந்து காடழித்து மரம் நட்டு, கடைசிவரை ஒரு சாண் நிலமும் தம் பெயரில் இல்லாமல் மறைந்தவர்களின் பேரப்பிள்ளையாகிய நான், அந்த வரியை வேலிக்கு வெளியே நிற்பவனாகத்தான் படிக்கிறேன்.

மலாயாவின் சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் துண்டு துண்டாகக் கூறுபோட்டு மறுபடி விற்றார்கள். துண்டாடல் என்று நாம் இன்றும் வேதனையோடு சொல்லும் அந்தக் காலத்தில் வேலையும் வீடும் ஒரே நேரத்தில் பறிபோயின. அப்போதுதான் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த அரசியல் தலைவர் துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். மாதம் 10 வெள்ளியாக (மலாயா டாலர்) தொழிலாளர்கள் செலுத்திய பணம் திரண்டு, கெடா மாநிலத்தின் புக்கிட் சீடிம் தோட்டம் சங்கத்துக்குச் சொந்தமானது. மரம் சீவிப் பால் எடுத்தவர்களே பங்குதாரராக நின்ற அந்தச் செயலைத் தோர்பெலின் 1483க்குச் சமமாக வைப்பதில் எனக்குத் தயக்கமே இல்லை. இதைப் பள்ளிப் பிள்ளைகள் நன்றாக அறிய வேண்டும்.

ஆனால் அந்தப் பத்து வெள்ளியை ஒரு குடும்பம் எதைக் குறைத்து மிச்சப்படுத்தியது, மனைவியின் தோடு அடகுக்குப் போனதா, கையெழுத்துப் போடத் தெரியாதவருக்கு யார் படிவம் நிரப்பினார் என்பனவெல்லாம் சங்கத்தின் ஆண்டறிக்கையில் இராது. பழைய பங்குப் புத்தகத்தின் ஓரத்தில், மாரியம்மன் கோவில் திருவிழா வரி நோட்டில், தோட்டத் தமிழ்ப்பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டில், தொழிற்சங்கச் சந்தா அட்டையில் அவற்றின் தடயங்கள் இருக்கும். தோட்டம் மூடி டவுனுக்குக் குடிபெயர்ந்தபோது இவற்றுள் பல பழைய பேப்பர்காரரிடம் போயிருக்கின்றன. மிஞ்சியவை அலமாரிகளிலும் டிரங்குப் பெட்டிகளிலும் கரையான் வருவதற்கு முன் எடுக்கப்படக் காத்திருக்கின்றன.

பேராக்கின் எந்தத் தோட்டத்தைச் சேர்ந்தவராயினும், இப்படி ஒரு தாள் உங்கள் வீட்டில் இருந்தால், அதைக் கொடுத்துவிட வேண்டாம். கைப்பேசியில் ஒவ்வொரு பக்கமாகப் படமெடுத்து, தோட்டத்தின் பெயரையும் அதன் பிரிவான டிவிஷனையும் ஆண்டையும் உடன் எழுதி, மூலத்தை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். பெயர்களை அடையாளம் சொல்லக்கூடிய மூத்தவர் வீட்டில் இருந்தால், முதலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டி, அவர் சொல்வதை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள்.