சன்னதி தெரு தாத்தாவின் கடப்பா: இதுவரை வந்த பக்குவம்

கும்பகோணம் சாரங்கபாணி கோயில் பக்கம் தள்ளுவண்டியில் இட்லி விற்ற தாத்தா போன பிறகு, அவர் வைத்த கடப்பா ருசி வேறெங்கும் எனக்குக் கிடைக்கவில்லை. பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் போட்டு, தேங்காய் அரைத்துவிட்டு, இட்லிக்கு ஊற்றிக்கொள்ளும் குழம்புதான் கடப்பா. ஞாயிற்றுக்கிழமை கடப்பா போடும் ஹோட்டல்கள் ஊரில் உண்டு, நன்றாகவும் இருக்கும். ஆனால் பல இடங்களில் பட்டை, கிராம்பு கூடிப்போய் அது குருமாவாகிவிட்டது. அதனால்தான் அவர் பக்குவத்தை வீட்டில் பிடிக்கப் பார்க்கிறேன்.

தாத்தா எதையும் எழுதி வைக்கவில்லை. வண்டிக்கு அருகில் பூ கட்டும் அம்மாவிடம் கேட்டேன். "மஞ்சத்தூளைக் கிட்டவே சேக்க மாட்டாரு தம்பி. பட்டை பேருக்கு ஒரு துண்டு, அவ்வளவுதான்" என்றார். அந்த வெளுத்த நிறம் எப்படி வந்தது என்று அப்போதுதான் புரிந்தது.

இப்போது 100 கிராம் பாசிப்பருப்புக்கு 2 உருளைக்கிழங்கு என்ற கணக்கில் நிற்கிறேன். பருப்பு கரைந்துவிட வேண்டும். கிழங்கைத் தனியே வேகவைத்துக் கையால் உதிர்க்கிறேன். மத்து போட்டால் களியாகிறது, நாக்கில் கட்டி தட்டுப்பட்டால்தான் கடப்பா. தேங்காய், பச்சை மிளகாய், சோம்பு, இஞ்சி, பூண்டு, கொஞ்சம் பொட்டுக்கடலை, வெந்நீரில் ஊறிய கசகசா எல்லாம் சேர்த்து நைசாக அரைக்க வேண்டும். கசகசா விற்கிற விலையில் பலர் அதை விட்டுவிட்டுப் பொட்டுக்கடலையைக் கூட்டுகிறார்கள். அப்படிச் செய்தால் மாவு வாடை முன்னால் நிற்கிறது. குறைவாகவாவது கசகசா இருக்கட்டும் என்பதே என் கட்சி.

வெங்காயம், தக்காளி வதக்கி, பருப்பும் கிழங்கும் கொதித்த பிறகே விழுதைச் சேர்க்கிறேன். பச்சை வாடை போனதும் இறக்கிவிட வேண்டும். ரொம்ப நேரம் கொதித்தால் தேங்காயின் இனிப்பு போய்விடுகிறது.

இன்னொன்றும் பிடிபட்டது. தாத்தா வண்டியில் எப்போதும் ஒரு பாத்திரத்தில் வெந்நீர் இருக்கும். குடிக்க என்றுதான் நினைத்திருந்தேன். பருப்பும் கிழங்கும் ஆற ஆற இறுகும். அதைத் தளர்த்தத்தான் அந்த வெந்நீர். இட்லி மேல் ஊற்றினால் ஓடிப் பரவி உள்ளே இறங்கும் பதம் இப்படித்தான் வந்திருக்கிறது. அந்தப் பதம் எனக்கும் வந்துவிட்டது.

பூக்கார அம்மாவுக்குத் தூக்கில் கொண்டுபோய்க் கொடுத்தேன். "மணம் சரியா இருக்கு, புளிப்புதான் பத்தல" என்றார். தக்காளியைக் குறைத்து, அடுப்பை அணைத்த பிறகு எலுமிச்சை பிழிந்து பார்க்கப் போகிறேன்.