டெக்சஸில் ராஞ்ச் வாங்கினோம்: மாடும் மானும் வில்லங்கமும்

ஹூஸ்டனிலிருந்து ஐ-10 நெடுஞ்சாலையில் மேற்கே போனால், சான் அன்டோனியோவைத் தாண்டி மலைப்பாங்கான பகுதியில் ஜங்ஷன் என்ற சிற்றூர் வரும். அது இருக்கும் கிம்பிள் கவுண்டியில் (நம் ஊர் மாவட்டம் மாதிரி), 600 ஏக்கருக்குக் கொஞ்சம் கூடுதலான ஒரு மாட்டு ராஞ்சை, அதாவது மேய்ச்சல் பண்ணையை, நானும் மச்சானும் கல்லூரி நண்பர் ஒருவரும் சேர்ந்து வாங்கினோம். மாடுகளோடு விற்பனைக்கு வந்த ராஞ்ச். வேட்டைக்கும் விடுமுறைக்கும் ஏற்றது என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். இதே யோசனையில் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் நிறையப் பேர் விசாரிப்பதால் எழுதி வைக்கிறேன்.

கேட்பவர்கள் எல்லாரும் முதலில் ஏக்கர் என்ன விலை என்கிறார்கள். விலை சீக்கிரமே படிந்துவிட்டது. அந்த நிலத்தில் யார் யாருக்கு என்னென்ன பாத்தியதை இருக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான் மாதங்கள் ஓடின.

இடம் பார்க்கப் போனபோது கேட்டில் ஒரு சங்கிலி, அதில் வரிசையாகக் கோர்த்துத் தொங்கும் பூட்டுகள். ஒன்று உரிமையாளருடையது, ஒன்று மின்சாரக் கூட்டுறவுக்காரர்களுடையது, ஒன்று பக்கத்து ராஞ்ச்காரருடையது, இன்னொன்று வேட்டைக் குத்தகைக்காரர்களுடையது. எந்தப் பூட்டைத் திறந்தாலும் சங்கிலி விடுபட்டுவிடும். தரகர் சாவியைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் அதை போட்டோ எடுத்துக்கொண்டேன். அப்புறம் வக்கீலிடம் போனபோது அந்தப் போட்டோவை வைத்துக்கொண்டே, இந்தப் பூட்டுக்குப் பத்திரம் எங்கே, அந்தப் பூட்டுக்கு எங்கே என்று ஒவ்வொன்றாகக் கேட்டோம். ராஞ்ச் பார்க்கப் போகிற யாரும் கேட்டை நன்றாகப் பார்த்துவிட்டு உள்ளே போங்கள்.

டெக்சஸ் ரியல் எஸ்டேட் கமிஷன் பண்ணை நிலத்துக்கென்றே தனி ஒப்பந்தப் படிவம் வைத்திருக்கிறது. வேட்டைக் குடில், மான் தீவனப் பெட்டி, தண்ணீர்த் தொட்டி, நீர்மூழ்கி மோட்டார், மாட்டுப் பட்டி என்று அதில் கட்டம் கட்டமாக இருக்கும். டிக் அடித்தால்தான் அந்தப் பொருள் நிலத்தோடு வரும். ஆப்ஷன் காலம் என்று ஒன்றும் உண்டு. சிறு தொகை கட்டினால், பேசிய நாட்களுக்குள் காரணமே சொல்லாமல் விலகிக்கொள்ளலாம். வீடு வாங்கும்போது ஒரு வாரம், பத்து நாள் போதும். ராஞ்சுக்கு ஒரு மாதமாவது கேளுங்கள்.

வில்லங்கம் பார்ப்பது இங்கே டைட்டில் கம்பெனியின் வேலை. அவர்கள் தரும் அறிக்கையில், நிலத்தில் மற்றவர்களுக்கு இருக்கும் உரிமைகளைப் பட்டியல் போடும் 'ஷெட்யூல் பி' என்ற பகுதியைத்தான் வரி விடாமல் படிக்க வேண்டும். டெக்சஸில் மேல்மண் ஒருவருக்கும், அடியில் இருக்கும் எண்ணெயும் எரிவாயுவும் இன்னொருவருக்கும் சொந்தமாக இருக்கலாம். சட்டத்தில் கனிம உரிமைக்காரரின் கைதான் ஓங்கியிருக்கும். நியாயமான தேவைக்கு அவர் மேல்மண்ணில் பாதை போடலாம், துளை போடலாம். எங்கள் நிலத்தில் பாதிக் கனிமம் இரண்டு தலைமுறைக்கு முன்பே பிரிந்து போயிருந்தது. மீதியை விற்பவர் தன்னிடமே வைத்துக்கொள்ள விரும்பினார். சரி, வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் மேற்பரப்பைத் தொடமாட்டேன் என்று எழுதிக் கொடுங்கள் என்றோம். கொடுத்தார். பக்கத்து ராஞ்ச்காரரின் வழிப் பாத்தியம் மட்டும் வெறும் வாய்ப்பேச்சாகவே ஓடிக்கொண்டிருந்தது. அதையும் சர்வேயரை வைத்து அளந்து, எழுதி, கவுண்டி கிளார்க்கிடம் பதிந்தோம். பழைய பத்திரத்தில் நீளமெல்லாம் ஸ்பானியர் காலத்து 'வாரா'வில் இருந்தது. ஒரு வாரா 33⅓ அங்குலம். வேலி ஓடும் கோடும் பத்திரக் கோடும் ஒன்றுதானா என்பதை சர்வே செய்யாமல் நம்பவே கூடாது.

வேட்டைக் குத்தகை விஷயத்துக்கு வருகிறேன். சான் அன்டோனியோக்காரர்கள் சிலர் பல வருடமாக அங்கே வெள்ளைவால் மான் வேட்டைக்கு வருகிறவர்கள். பொது சீசன் நவம்பர் முதல் சனிக்கிழமை தொடங்கும். நாங்கள் கையெழுத்துப் போடும்போது அந்த வருடப் பணத்தை விற்பவர் ஏற்கெனவே வாங்கியிருந்தார். அவர்களை வெளியேற்றிவிடலாம் என்று நண்பருக்கு ஒரு எண்ணம். எனக்கு அது சரியாகப் படவில்லை. பணம் கொடுத்தவர்களுக்கு அந்த சீசன் சொந்தம். எனவே குத்தகையை எழுத்தில் எங்கள் பெயருக்கு மாற்றி, வாங்கிய பணத்தில் மீதி மாதங்களுக்கான பங்கைக் கிரயத்தில் கழித்துக்கொண்டோம். நாங்கள் வாங்கியபோது, நில உரிமையாளர் வேட்டைக் குத்தகை விட வேண்டுமென்றால் டெக்சஸ் பார்க்ஸ் அண்ட் வைல்ட்லைஃப் துறையிடம் தனி லைசென்ஸ் எடுக்க வேண்டியிருந்தது. அதையும் எடுத்தோம். நிலத்தைப் பற்றி எங்களுக்கு அதிகம் கற்றுக்கொடுத்தவர்கள் இந்த வேட்டைக்காரர்கள்தான். காட்டுப் பன்றி வேலியை எங்கே கிளப்பும், எந்த ஓடை கோடையில் வற்றும் என்பதெல்லாம் விற்பவரைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. சோளம் தூவும் தீவனப் பெட்டியைச் சுற்றி இடுப்பளவு கம்பித் தடுப்பு வைத்திருந்தார்கள். மான் தாண்டி உள்ளே போய்விடும், மாடு வெளியே நிற்கும்.

அங்கே புள்ளிமான் உண்டு. நம் காடுகளில் திரிகிற அதே புள்ளிமான்தான். டெக்சஸுக்கு 1932-இல் கொண்டுவந்து விட்டார்கள், இன்று மலைப்பகுதி முழுக்கப் பரவிவிட்டது. வெளிநாட்டு இனம் என்பதால் சீசன் கிடையாது, வருடம் முழுக்க வேட்டையாடலாம். ஓடைக்கரையில் கூட்டமாக நின்றதைப் பார்த்து மச்சான் வாயடைத்துப்போனார். ஆனால் மேய்ச்சல் கணக்கில் அது மாட்டுக்கும் போட்டி, உள்ளூர் மானுக்கும் போட்டி. புல்லும் மேயும், தழையும் மேயும். அந்த மண்ணில் ஒரு மாட்டுக்கு 20, 25 ஏக்கர் வேண்டும். எத்தனை மாடு தாங்கும் என்று கணக்குப் போடும்போது புள்ளிமானையும் சேர்த்துத்தான் போட வேண்டும்.

மாடுகளுக்குத் தனிக் கிரயம். பெரும்பாலும் பிராங்கஸ், அதாவது ஆங்கஸும் பிராமனும் கலந்த இனம். பிராமன் என்பதே நெல்லூர், கிர், காங்கிரேஜ் போன்ற நம் நாட்டு மாடுகளிலிருந்து அமெரிக்காவில் உருவாக்கியதுதான். நாங்கள் அமர்த்திய கால்நடை மருத்துவர் ஒவ்வொரு மாட்டையும் இரும்புக் கூண்டில் நிறுத்தி, தோள்வரை கையுறை போட்டுக் கையை உள்ளே விட்டு, மூன்று மாதச் சினை, ஐந்து மாதம், இது சும்மா என்று சொல்லிக்கொண்டே போனார். அப்புறம் உதட்டைத் தூக்கிப் பல் பார்த்தார். கண்ணபுரம் சந்தையில் என் அப்பாரு பார்த்ததும் அப்படித்தான். பல் தேய்ந்த மாடுகளையும் சினை பிடிக்காதவற்றையும் கழித்துவிட்டு மற்றதை வாங்கினோம். பல்லும் சினையும் பார்க்காமல் மொத்தமாக விலை பேசாதீர்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். ஏழெட்டு மாதத்தில் கன்றுகள் ஏலத்துக்குப் போகும். அவை இறைச்சிக்காக வளர்பவை. அம்மாவுக்கு இது மனதுக்கு ஒப்பவே இல்லை, நாங்களும் பல நாள் பேசினோம். அந்த மேட்டு நிலத்தில் உழவும் இல்லை, பாலும் இல்லை. மேய்ச்சல் மட்டுமே நடக்கும். இதைக் குடும்பத்தில் பேசி முடிக்காமல் யாரும் முன்பணம் கொடுக்க வேண்டாம்.

தண்ணீரில் பெரிய சிக்கல் வரவில்லை. கிணறு நமது, ஓடைத் தண்ணீர் மாநிலத்துடையது. கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதனைக்கு அனுப்பி, மோட்டாரை ஒரு நாள் முழுக்க ஓடவிட்டுப் பார்த்தோம். கடன், விவசாயக் கடனுக்கென்றே இருக்கும் கூட்டுறவு அமைப்பில் வாங்கியது. வீட்டுக் கடனைவிடக் கையிலிருந்து போட வேண்டிய பங்கு அதிகம். நண்பர் எச்-1பி என்ற தற்காலிக வேலை விசாவில் இருக்கிறார், அவருக்கு மூன்றில் ஒரு பங்கு. 1978-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வெளிநாட்டவர் விவசாய நிலத்தில் பங்கு வாங்கினால் 90 நாளுக்குள் அமெரிக்க மத்திய விவசாயத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். கிரீன் கார்டு இருந்தால் தேவையில்லை. தெரிவிக்காமல் விட்டால் அபராதம் பெரிது. நம் ஆட்கள் பலருக்கு இது தெரிவதே இல்லை.

கடைசியாக வரி. விவசாய நிலத்துக்கான '1-டி-1' என்ற வரிச் சலுகைப் பிரிவில் இருக்கும் நிலத்துக்குச் சந்தை விலையை விட்டுவிட்டு, மேய்ச்சலில் என்ன வருமானம் வரும் என்பதை வைத்து மதிப்புப் போடுவார்கள். வரி மிகவும் குறையும். ஆனால் உரிமையாளர் மாறினால் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், ஏப்ரல் 30-க்குள். நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்றினால் முந்தைய 3 ஆண்டுகளின் வரி வித்தியாசத்தையும் கட்ட வேண்டிவரும். மாட்டை விட்டுவிட்டு வனவிலங்குப் பராமரிப்பைக் காட்டியும் இதே சலுகையைத் தொடரலாம். சட்டம் சொல்லும் 7 பணிகளில் 3 செய்தாக வேண்டும். தண்ணீர் வைப்பது, தீவனம் வைப்பது, விலங்குக் கணக்கெடுப்பு போன்றவை.

மூவரும் பேசி மாட்டையே வைத்துக்கொண்டோம். பார்த்துக்கொள்ள அதே ஊர்க்காரர் ஒருவர் இருக்கிறார், விற்பவரிடம் வேலை பார்த்தவர்தான். கவுண்டி மதிப்பீட்டு அலுவலகத்துக்கு மாட்டுக் கிரய ரசீது, தடுப்பூசி பில், மேய்ச்சல் வரைபடம் எல்லாம் இணைத்து அனுப்பினோம், அனுமதி வந்துவிட்டது. இப்போது மேற்குச் சரிவில் புல்லை மூடிக்கொண்டு வளர்ந்திருக்கும் சீடர் (cedar) என்ற ஊசியிலை மரங்களை வெட்ட ஆள் பேசிக்கொண்டிருக்கிறோம். வேட்டை சீசனுக்கு முன்னால் அதை முடித்தாக வேண்டும்.