ஷென், ஜாவ்: பழைய வீடியோ பார்த்த குறிப்புகள்

பிப்ரவரி 2
குளிர்கால ஒலிம்பிக்கில் நான் விடாமல் பார்ப்பது ஜோடி ஸ்கேட்டிங் (ஆணும் பெண்ணும் சேர்ந்து பனித்தளத்தில் சறுக்கி ஆடுவது) மட்டும்தான். இந்த வாரம் ஷென் ஷுவே (பெண்), ஜாவ் ஹோங்போ (ஆண்). இருவரும் சீனாவின் ஹார்பின் ஊர்க்காரர்கள், 1992இல் ஜோடி சேர்ந்தவர்கள். பயிற்சியாளர் யாவ் பின். 1980இல் டார்ட்மண்ட் உலகப் போட்டியில் ஆடிக் கடைசி இடம் வாங்கியவர், அரங்கமே சிரித்ததாம்.

பிப்ரவரி 3
சால்ட் லேக் ஒலிம்பிக், 2002. 'த்ரோ' என்றால், ஆண் வீசிவிட, பெண் காற்றில் சுழன்று ஒற்றைக்காலில் பின்னோக்கி இறங்க வேண்டும். மூன்று சுற்றுக்கே மூச்சு முட்டும். இவர்கள் நான்கு சுற்றுக்குத் துணிந்தார்கள். ஷென் விழுந்தார். வெண்கலம். அடுத்த மாதமே நாகானோவில் முதல் உலகப் பட்டம்.

பிப்ரவரி 5
வாஷிங்டன், 2003, இரண்டாவது உலகப் பட்டம். இதை எத்தனை முறை ஓட்டினாலும் அலுக்கவில்லை. வர்ணனை சீன மொழியில், ஒன்றும் புரியாது, அதுவும் நல்லதுதான். பயிற்சியில் ஷென்னுக்குக் கணுக்காலில் அடி. ஆனால் அவர் இறங்கும் நொடியை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன்: முழங்கால் நன்றாக மடிகிறது, பிளேடு பனியில் வளைந்து ஓடுகிறது, வேகம் துளியும் குறையவில்லை. நடுவர்கள் சிலர் 6.0 போட்டார்கள், அதாவது முழு மதிப்பெண். இப்போதைய புள்ளிக் கணக்கில் அந்தச் சுகம் இல்லை.

பிப்ரவரி 6
2005 ஆகஸ்டில் ஜாவின் குதிகால் தசைநார் அறுந்தது. ஆறே மாதத்தில் டுரின் ஒலிம்பிக்கில் மறுபடி வெண்கலம். 2007இல் டோக்கியோவில் மூன்றாவது உலகப் பட்டம். ஆடி முடித்த கையோடு பனியிலேயே மண்டியிட்டு ஷென்னிடம் திருமணம் பற்றிக் கேட்டார். அப்புறம் போட்டிகளுக்கு முழுக்கு.

பிப்ரவரி 9
வான்கூவர் ஒலிம்பிக், 2010. இரண்டு பருவம் விட்டுத் திரும்பி வந்தபோது ஷென்னுக்கு 31 வயது, ஜாவுக்கு 36. முதல் ஆட்டத்தில் 76.66, அன்றைய உலக சாதனை. மறுநாள் இரண்டாம் ஆட்டத்தில் ஒரு லிஃப்ட் (ஆண் பெண்ணைத் தலைக்கு மேல் தூக்குவது) பிசகி, ஷென் ஜாவின் தோளில் சரிந்துவிட்டார். ஆனாலும் மொத்தம் 216.57, தங்கம். 1964 முதல் சோவியத், ரஷ்ய ஜோடிகளிடமே இருந்த பட்டம் அது (2002இல் மட்டும் கனடாவோடு பகிர்ந்தது). சந்தோஷம்தான். ஆனால் இரண்டாம் நாள் ஆட்டத்தில் அதிகப் புள்ளி எடுத்தவர்கள் இன்னொரு சீன ஜோடி, பாங் சிங், டோங் ஜியான்: 141.81. முதல் நாள் சேர்த்த புள்ளிதான் ஷென், ஜாவைக் காப்பாற்றியது. என் கணக்கில் இவர்களின் உச்சம் வாஷிங்டன். வான்கூவரின் கடைசி இரவில் நல்ல ஆட்டம் பாங், டோங் ஆடியது.