ஸ்பிளோஷிங்: குழைப்பதற்கு முன்

கஸ்டர்ட், கிரீம், சேறு என்று உடலெங்கும் அப்பிக்கொள்வதில் கிளர்ச்சி காண்பதை பிரிட்டனில் ஸ்பிளோஷிங் என்கிறார்கள். சம்மதித்த பெரியவர்களுக்கான விளையாட்டு இது. இதில் சிக்கல் வருவது பெரும்பாலும் சர்க்கரையால்தான். இனிப்புப் பண்டம் பிறப்புறுப்புக்குள் போனால் பூஞ்சைத் தொற்று வரலாம். இடுப்புக்கு மேலேயே நிறுத்துங்கள். எண்ணெய், வெண்ணெய், கிரீம் பட்டால் லேடெக்ஸ் ஆணுறை பலவீனமாகிக் கிழியும்.

சாப்பாட்டை வீணாக்க மனமில்லையா? தண்ணீரைக் கெட்டியாக்கும் ஹைட்ராக்சிஎத்தில் செல்லுலோஸ் தூள் வாங்குங்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்குச் சுமார் 10 கிராம். குளிர்ந்த தண்ணீரைச் சுழற்றிக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாகத் தூவ வேண்டும். மொத்தமாகக் கொட்டினால் வெளியே பசையும் உள்ளே காய்ந்த மாவுமாகக் கட்டி தட்டும், அப்புறம் எவ்வளவு கிண்டினாலும் சுலபத்தில் கரையாது. ஒரு மணி நேரம் ஊறவிட்டால் கொழகொழவென்று வரும். பயன்படுத்தும் முன் வெதுவெதுப்பாக்குங்கள், இல்லையென்றால் நடுக்கம்தான் மிஞ்சும். உணவு நிறமி அளவோடு போதும். டைல்ஸ் இடுக்கில் ஏறிய சிவப்பு லேசில் போகாது.

தரையில் வெறும் பிளாஸ்டிக் விரிப்பு வழுக்கும். மேலே பழைய துண்டுகளைப் போடுங்கள். நின்றபடி வேண்டாம். தோட்டத்து மண் வேண்டவே வேண்டாம், அதில் டெட்டனஸ் கிருமி இருக்கும். முடிந்ததும் கெட்டியானதை வழித்துக் குப்பையில் போட்டுவிட்டு, மிச்சத்தை நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.