ஃபிஸ்கார்ஸ் ஆலையும் ஒரு மருந்துக்கடைக்காரரும்

ஆரஞ்சு நிறக் கைப்பிடி போட்ட கத்தரிக்கோலால் பலரும் அறிந்த ஃபிஸ்கார்ஸ் நிறுவனம் தொடங்கியபோது, அதன் தொழில் இரும்பு உருக்குவது. தென்மேற்குப் பின்லாந்தில் அதே பெயருடைய சிற்றூரில் ஓர் ஊதுலையும், உருக்கிய இரும்பை அடித்துப் பட்டையாக்கும் சம்மட்டி ஆலையும் அமைக்க, பீட்டர் தோர்வெஸ்தே என்ற வணிகருக்கு 1649இல் ஸ்வீடனின் அரசி கிறிஸ்டினா உரிமை வழங்கினார். பின்லாந்து அன்று ஸ்வீடனின் ஆட்சிக்குட்பட்டிருந்தது. பீரங்கி வார்ப்பதற்கு மட்டும் அந்த உரிமையில் இடமில்லை.

ஆலைக்கு வேண்டிய தாதுவின் பெரும்பகுதி ஸ்டாக்ஹோம் அருகிலுள்ள ஊத்தோ தீவிலிருந்து கப்பலில் வந்தது; அடித்தெடுத்த பட்டை இரும்பில் பெரும்பகுதி மீண்டும் கடல் தாண்டி ஸ்டாக்ஹோம் சந்தைக்கே போனது. இப்படி இருமுறை கடல் கடப்பது வீண் அலைச்சலாகத் தோன்றலாம். ஆனால் ஊதுலைக்குத் தாதுவைவிட மிகுதியாக வேண்டியது மரக்கரி. சம்மட்டியைத் தூக்கி அடிக்க ஓடும் நீர் வேண்டும். ஃபிஸ்கார்ஸில் காடும் ஆறும் இருந்தன, கடலும் தொலைவில் இல்லை.

பதினெட்டாம் நூற்றாண்டில், அருகிலுள்ள ஒரியார்வியில் தாமிரத் தாது கிடைத்ததும் ஆலை இரும்பைப் பின்னுக்குத் தள்ளித் தாமிரத்தின் பக்கம் திரும்பியது. அதைப் பற்றி நீட்டிச் சொல்ல எனக்கு ஆர்வமில்லை, ஏனெனில் நிறுவனத்தின் உண்மையான திருப்பம் 1822இல், துர்க்கு நகரில் மருந்துக்கடை நடத்திய யோகான் யாக்கோப் யூலின் அதை வாங்கியபோதுதான் நிகழ்ந்தது என்று கருதுகிறேன். பின்லாந்து அப்போது ரஷ்யப் பேரரசுக்குக் கைமாறியிருந்தது. யூலின் மீண்டும் இரும்புக்கே வந்தார். ஆனால் பட்டையாக விற்பதோடு நிற்காமல், அதைப் பண்டமாக்கி விற்க முனைந்தார். 1832இல் கத்தி, முள்கரண்டி, கத்தரிக்கோல் செய்யும் பட்டறையைத் தொடங்கினார். 1837இல் எழுந்த இயந்திரப் பட்டறை பின்லாந்தின் முதல் இயந்திரப் பட்டறையாகக் கருதப்படுகிறது. குதிரை இழுக்கும் கலப்பைகளை மட்டும் இந்நிறுவனம் காலப்போக்கில் பத்து லட்சத்துக்கு மேல் செய்தது. கோடரிக்குப் பெயர்பெற்ற பக்கத்து ஊர் பில்னேஸ் ஆலையும் 1920இல் இதனோடு இணைந்தது.

கத்தரிக்கோலின் புகழ் மிகவும் பிந்தியது. கனத்த அடிப்பு இரும்புக்கு மாற்றாக, மெல்லிய துருப்பிடிக்காத எஃகு அலகில், கைக்கேற்ப வளைந்த பிளாஸ்டிக் கைப்பிடியைப் பொருத்தி ஊலோஃப் பேக்ஸ்ட்ரோம் வடிவமைத்த கத்தரிக்கோல் 1967இல் விற்பனைக்கு வந்தது. பழப்பிழிவான் செய்து மிஞ்சிய ஆரஞ்சுப் பிளாஸ்டிக்கை மாதிரிக்குப் பயன்படுத்தியதால் வந்த நிறம் அது. ஆரஞ்சா கறுப்பா என்று நிறுவனத்துக்குள் நடந்த வாக்கெடுப்பில் ஆரஞ்சு வென்றது. 2003இல் அந்த நிறமே பின்லாந்தில் வணிகச் சின்னமாகப் பதிவாயிற்று. இதுவரை நூறு கோடிக்கு மேல் விற்றிருக்கும் இந்தக் கத்தரிக்கோலின் உற்பத்தி பில்னேஸுக்கு மாறிய பின் காலியான பழைய ஆலைக் கட்டடங்களில், 1990களிலிருந்து தச்சர்களும் கொல்லர்களும் கண்ணாடிக் கலைஞர்களும் குடியேறித் தொழில் நடத்துகிறார்கள்.