தமிழில் பேசியே டைப் செய்ய

ஆண்ட்ராய்டு போனில் கூகுளின் கீபோர்டான ஜிபோர்டு இருந்தால் போதும், தனி ஆப் வேண்டாம். ஜிபோர்டு செட்டிங்ஸில் 'வாய்ஸ் டைப்பிங்' போய் மொழிகளில் தமிழைச் சேருங்கள். இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா என்று தனித்தனியாக இருக்கும். உங்கள் பேச்சு எந்த ஊரோ அதையே எடுங்கள்.

அழுத்த வேண்டியது கீபோர்டில் உள்ள மைக். வாட்ஸ்அப்பில் மெசேஜ் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் மைக் குரல் பதிவை அனுப்பிவிடும். பலர் தடுமாறுவது இங்கேதான்.

ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொல்லாதீர்கள். முன்பின் சொற்களை வைத்துத்தான் ஜிபோர்டு ஊகிக்கிறது. 'வழி' என்று மட்டும் சொன்னால் 'வலி' என்று விழலாம்; 'ஸ்டேஷனுக்குப் போற வழி' என்று சேர்த்துச் சொன்னால் சரியாக விழ வாய்ப்பு அதிகம். பள்ளி, பல்லிக்கும் இதே கதைதான். ழகரத்தை விழுங்கிப் பேசுகிறவர்களுக்கு இந்தப் பழக்கம் கட்டாயம் வேண்டும். அதற்காக அதிக நேரம் யோசித்தாலும் மைக் தானே அணைந்துவிடும். வாக்கியத்தை மனதில் முடித்துவிட்டு அழுத்துங்கள்.

'முற்றுப்புள்ளி' என்று சொன்னால் பெரும்பாலும் அந்தச் சொல்லே எழுத்தாகிவிடும். புள்ளியைக் கையால் வையுங்கள். பஸ் இரைச்சலில் போனின் அடிப்பக்கத்தை வாயருகே பிடியுங்கள், மைக் அங்கேதான் இருக்கிறது.

பணத்தொகை, போன் நம்பர், 'வருவேன்', 'வரமாட்டேன்': இவற்றை மட்டும் ஒருமுறை படித்துப் பார்க்காமல் அனுப்பாதீர்கள்.

நீண்ட குறிப்புக்குக் கம்ப்யூட்டரில் குரோம் வழியாக கூகுள் டாக்ஸ் திறந்து, 'டூல்ஸ்' மெனுவில் 'வாய்ஸ் டைப்பிங்' எடுத்துத் தமிழைத் தேர்ந்தெடுங்கள்.