ஏழாவது அட்டவணையை மறந்துவிட்டுப் படியுங்கள்

முதுகலை அரசியல் அறிவியல் படித்தபோது, ஒப்பீட்டு அரசமைப்புத் தாளின் உள்மதிப்பீட்டுத் தேர்வில் ஒரு கேள்விக்குப் பதினைந்துக்கு நான்கு வாங்கினேன். அமெரிக்காவில் மத்திய அரசுக்கும் மாநிலங்களுக்கும் அதிகாரம் எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்பதுதான் கேள்வி. மத்தியப் பட்டியல், மாநிலப் பட்டியல், பொதுப் பட்டியல் என்று அடிக்கோடிட்ட மூன்று தலைப்புகளோடு நான்கு பக்கம் எழுதியிருந்தேன். பேராசிரியர் 'பொதுப் பட்டியல்' என்பதைச் சிவப்பு மையில் வட்டமிட்டு, ஓரத்தில் "எந்தப் பிரிவு?" என்று மட்டும் கேட்டிருந்தார். அன்று மாலை நூலகத்தில் மூல வாசகத்தைத் தேடினேன். அப்படி ஒரு பிரிவே இல்லை.

அந்த மூன்று பட்டியலும் இந்திய அரசமைப்பின் ஏழாவது அட்டவணையில் இருப்பவை. அதை முதலில் படித்த எல்லாருக்கும் இந்த வினை உண்டு. அமெரிக்காவில் பட்டியல் என்று இருப்பது பெரும்பாலும் ஒன்றுதான்: முதல் உறுப்பின் எட்டாம் பிரிவு, அமெரிக்க நாடாளுமன்றத்தின் அதிகாரங்களைப் பதினெட்டுக் கூறுகளில் சொல்கிறது. நாணயம், போர் அறிவிப்பு, தபால், மாநிலங்களுக்கிடையிலான வணிகம் எல்லாம் அதில் அடங்கும். பத்தாம் பிரிவு மாநிலங்களுக்கு விதித்த தடைகள். இரண்டிலும் சேராத மிச்சம், 1791இல் வந்த பத்தாவது திருத்தத்தின்படி மாநிலங்களுக்கோ மக்களுக்கோ உரியது. நம் 248ஆவது உறுப்பு மிச்சத்தை நாடாளுமன்றத்துக்குக் கொடுக்கிறது. அங்கே நேர் எதிர். வரி விதிப்பது, கடன் வாங்குவது போன்றவற்றை இரு அரசுகளும் செய்கின்றன. ஆனால் பட்டியல் போட்டுக் கொடுத்து அல்ல, தடுக்கப்படாததால்.

இதை மட்டும் எழுதினால் தேர்ச்சி உறுதி, நல்ல மதிப்பெண் கிடைக்காது. பதினெட்டுக் கூறுகளும் எப்படி ஊதிப் பெருத்தன என்பதில்தான் விஷயம் இருக்கிறது. எனக்கு அதைப் புரியவைத்தவர் ஒஹையோ மாநிலத்து விவசாயி ஃபில்பர்ன். மத்திய அரசு அவருக்கு அனுமதித்த கோதுமைப் பரப்பு 11.1 ஏக்கர், விதைத்தது 23 ஏக்கர். அபராதம் விதித்தார்கள். கூடுதலாக விளைந்தது என் பண்ணைக்கும் கால்நடைகளுக்கும்தான், இதில் மாநிலங்களுக்கிடையிலான வணிகம் எங்கே வந்தது என்று வழக்காடினார். 1942இல் உச்ச நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது: ஆளாளுக்கு வீட்டுக்கு விளைவித்துக்கொண்டால் நாட்டுச் சந்தையில் கோதுமை வாங்குவது யார்? கோழித் தீவனம்கூட வாஷிங்டனின் கைக்குள் வந்த கதை இது. இதை எழுதினால் 1995ஆம் ஆண்டு லோபஸ் வழக்கையும் சேர்த்து எழுதுங்கள். பள்ளி வளாகத்துக்குத் துப்பாக்கி கொண்டுவருவது வணிகமல்ல என்று நீதிமன்றம் அங்கே கோடு கிழித்தது. வெளிப்படையாகச் சொல்லாத அதிகாரமும் நாடாளுமன்றத்துக்கு உண்டு என்ற 1819ஆம் ஆண்டு மக்கல்லக் வழக்கு எல்லாக் கையேட்டிலும் இருக்கிறது, அங்கேயே படித்துக்கொள்ளலாம்.

கையேடுகள் விரும்பும் அடுக்கு கேக் (இரு அரசுகளும் தனித்தனி), பளிங்கு கேக் (இரண்டும் கலந்து) உவமைகளுக்கு ஒரு வரி போதும். அந்த இடத்தில் மத்திய அரசின் பண பலத்தைப் பற்றி எழுதுங்கள். மது அருந்தும் வயதை நேரடியாக 21 ஆக்காமல், ஆக்காத மாநிலத்துக்கு நெடுஞ்சாலை நிதியில் ஒரு பங்கை நிறுத்துவோம் என்று 1984இல் நாடாளுமன்றம் சட்டம் போட்டது. தெற்கு டகோட்டா வழக்குத் தொடுத்து 1987இல் தோற்றது. கேட்டால் கட்டாயம் இல்லை, விருப்பம்தான் என்பார்கள்.

இவ்வளவும் தயார் செய்துகொண்டு பருவத் தேர்வுக்குப் போனேன். கேள்வி கனடாவைப் பற்றி வந்திருந்தது. அங்கே மிச்சம் ஒட்டாவாவில் இருக்கும் மத்திய அரசுக்கு.